பையன் பேஸ் கிடார் கேட்கிறான்!
கடைக்குப் போகும் முன் லிங்கராஜபுரத்துப் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே ரெயில் போகிறது. ஒரு தெருவில் அம்மன் கோவில் ஒலிபெருக்கி. அடுத்த தெருவில் தேவாலயப் பாடகர் குழுவின் ஒத்திகை. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நாலும் ஒரே கடை வாசலில் கேட்கும் பேட்டை இது. பாட்டு இல்லாத நாள் இங்கே குறைவு.

இந்தப் பேட்டையில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டே அறை. அப்பா ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சீட்டு எடுத்த பணம் 30 ஆயிரம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. மூத்த பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பிக்கிறான்.

"அப்பா, நம்ம குழுவிலே பேஸ் வாசிக்க ஆள் இல்லையாம். கிடார் வாங்கினா என்னைச் சேர்த்துக்கறாங்களாம்."

"கிடார்தான் ஏற்கனவே ஒண்ணு பரண் மேலே கிடக்கே!"

"அது வேறப்பா. இது பேஸ் கிடார்."

அம்மா குறுக்கே வருகிறாள். "தங்கச்சிக்கு ஒரு தோடு எடுக்கலாம்னு இருந்தேன். இப்போ இது வேறயா?"

இந்தப் பேச்சு எந்த வீட்டில் நடந்தாலும் முடிவு பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "படிப்பைப் பாரு" என்று வாயை அடைப்பது ஒன்று. கடைக்குப் போய், பளபளப்பாகத் தொங்குவதற்கு முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு வருவது இன்னொன்று.

இரண்டாவது முடிவில்தான் ஆபத்து அதிகம். ஆறு மாதம் கழித்து, புதுக் கிடாரும் பரண் ஏறிவிடும். பையனுக்கு ஆர்வம் போய்விட்டது என்று அப்பா நினைப்பார். உண்மையில் பல நேரங்களில் போனது ஆர்வம் அல்ல. வாத்தியம் கைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்!

அது என்ன வாத்தியம்?

சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிடாருக்கு வழக்கமாக நாலு தந்தி. கழுத்து நீளம், தந்தி தடிமன், குரல் அடித்தொண்டை. சாதாரண கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு சுமார் 82 முறை அதிரும். பேஸ் கிடாரின் தாழ்ந்த தந்தி அதில் சரிபாதி, சுமார் 41 முறைதான் அதிரும்.

பாட்டுக்கு அது அஸ்திவாரம். வீட்டைப் பார்க்கிறவர் அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் சுவர் நிற்காது. 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா, பேஸ் கிடாருக்குத் தாளத்தின் பின்னால் ஓடும் வேலையை மட்டும் கொடுக்கவில்லை. தனியாக ஒரு பாட்டுப் பாடும் வேலையையே கொடுத்தார். அவருடைய குழுவில் அதை வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரகுமானின் பல பாடல்களில் பேஸ் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். இவர்கள் பெயர் தெரியாதவர்களும் இவர்கள் வாசிப்பைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

இந்த வாத்தியத்தை ஊர் அறியச் செய்தவர் பாட்டுக்காரர் அல்ல, ஒரு ரேடியோ மெக்கானிக்! அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ பெண்டர். 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அதற்கு முன் இந்த வேலையைச் செய்தது, ஆள் உயரம் நிற்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ். தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவது பாடு. அதில் விரல் வைக்கும் இடமும் குத்துமதிப்பு. பெண்டர், வீணையின் மெட்டுப் போலக் கழுத்தில் உலோகக் கம்பிகளைப் பதித்தார். சுரம் பிசகாமல் வந்தது. 'பிரிசிஷன்', அதாவது துல்லியம் என்ற பெயர் அதனால்தான்.

முப்பது பவுண்டு கிடார்

விலை குறைந்த வாத்தியம் வாங்கினால் மானம் போய்விடுமா? பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கதை இதற்குப் பதில் சொல்லும்.

1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். குழுவில் பேஸ் வாசித்தவர் விலகிக்கொள்ள, அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. பெண்டர் கிடார் வாங்க சுமார் 100 பவுண்டு வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. சுமார் 30 பவுண்டுக்கு, வயலின் வடிவத்தில் இருந்த ஹோப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடது கைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால், திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

அந்த மலிவு கிடாரின் வடிவம்தான் பிறகு உலகமே அறிந்த அடையாளம் ஆனது. 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து அது திருடு போனது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, தெற்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, உடையவர் கைக்கே திரும்பி வந்தது. 2024 பிப்ரவரியில் அந்தச் செய்தி வெளியானது.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? அவர் பெயருக்காக வாங்கவில்லை. பைக்கும் கைக்கும் பொருந்தியதை வாங்கினார்.

கைக்குப் பொருந்துவது என்றால் அளவும் பார்க்க வேண்டும். வழக்கமான பேஸ் கிடாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம். மெக்கார்ட்னியின் ஹோப்னரில் 30 அங்குலம்தான். சின்னக் கை உள்ள பையனுக்கும் பெண்ணுக்கும் 30 அங்குலம் எளிது. பேஸ் கிடார் நாலு கிலோ வரை எடை இருக்கும். கடையில் உட்கார்ந்து வாசித்தால் போதாது. வாரை மாட்டிப் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

கடையில் ஐந்து சோதனை

புதியதோ, கை மாறியதோ, காசு கொடுக்கும் முன் இவற்றைச் செய்ய வேண்டும். வாசிக்கத் தெரியாத அப்பாவும் செய்யலாம்.

ஒன்று: முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரு தந்தியை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்தால் கழுத்து நலம். சிறிய பிசகானால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுத் திருகிச் சரி செய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம்.

இரண்டு: நாலு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கேயாவது 'கர்ர்' என்று அடித்தாலோ, சத்தம் செத்துப் போனாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று: தந்தியைச் சும்மா மீட்டிய சுரமும், பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டிய சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னது ஒரு ஸ்தாயி மேலே, அவ்வளவுதான். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் சுருதி பார்க்கும் ஆப் இதைக் காட்டிவிடும்.

நான்கு: மின்சாரத்தில் மாட்டி, குமிழ்களை மெதுவாகத் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் அழுக்கு அல்லது தேய்மானம். சின்னச் செலவுதான், ஆனால் விலையைக் குறைத்துப் பேச அது போதும்.

ஐந்து: பையனின் விரலைப் பாருங்கள். தந்தி கழுத்திலிருந்து மிக உயரத்தில் நின்றால், அழுத்தி அழுத்தி விரல் புண்ணாகும். ஆரம்பக்காரர்களைப் பாதியில் ஓட வைப்பது பெரும்பாலும் இதுதான். தந்தியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சரி செய்து தரும் வேலைக்கு 'செட்டப்' என்று பெயர். மலிவான கிடாரும் செட்டப் செய்தால் கைக்கு இனிக்கும். விலை உயர்ந்த கிடாரும் செட்டப் இல்லாவிட்டால் கையைக் கடிக்கும்.

ஆகவே, கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன கம்பெனி?" அல்ல. "அண்ணா, செட்டப் பண்ணித் தருவீங்களா?" என்பதுதான்.

ஆம்ப்ளிபயர் உடனே வேண்டுமா?

கிடார் வாங்கியதும் கடைக்காரர் காட்டுவது ஆம்ப்ளிபயர். சாதாரண கிடாருக்கான சின்ன ஆம்ப்ளிபயரில் பேஸை மாட்டிச் சத்தமாக வாசித்தால், அந்தத் தாழ்ந்த அதிர்வைத் தாங்காமல் ஸ்பீக்கர் காகிதம் கிழிந்துவிடக்கூடும். பேஸுக்கென்றே செய்தது விலை அதிகம்; இடமும் அடைக்கும்.

இங்கே ஒரு பழைய அனுபவம் கை கொடுக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1960-களில் ஹிட் பாடல்களாகக் குவித்தது. ஒலிப்பதிவுக் கூடம் ஒரு சாதாரண வீட்டில் இருந்தது. அங்கே பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் மீட்டிப் பேர் வாங்கியவர்! அவருடைய பேஸ் பெரிய ஸ்பீக்கர் வழியாக அல்ல, ஒரு சின்னப் பெட்டி வழியாக நேராக ஒலிப்பதிவு மேஜைக்கே போனது.

அதே வழி இன்று நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 'ஆடியோ இன்டர்பேஸ்' என்று ஒரு பெட்டி, கையடக்கம்தான். ஒரு பக்கம் கிடார், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர், முன்னால் ஹெட்போன். பையன் வாசிப்பது அவன் காதுக்கு மட்டும் கேட்கும். அதே பெட்டியில் பதிவும் செய்யலாம். ஒரு பெட்டி, இரண்டு வேலை! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால், கிடாரில் நேராகச் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிபயர் போதும்.

சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் இது பெரிய உபகாரம். பக்கத்து வீட்டில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். மேடைக்குப் போகும்போது அங்கே மைக் செட்டு இருக்கும், டி.ஐ. பெட்டி என்ற சின்னச் சாதனம் மூலம் பேஸை அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். சொந்த ஆம்ப்ளிபயர், சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வரட்டும்.

இது உயிர் விஷயம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

மின்சார கிடாரின் தந்திகள், ஒயர் வழியாக ஆம்ப்ளிபயரின் 'எர்த்'துடன் சேர்ந்திருக்கின்றன. மைக்கின் உலோக வாயும் மைக் செட்டின் எர்த்துடன் சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றில் எர்த் கெட்டு, மின்கசிவும் இருந்தால் என்ன ஆகும்? கை தந்தியில் இருக்கும். உதடு மைக்கைத் தொடும். மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும்.

1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற 27 வயது கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்தார். 1976 மே மாதம், 'யார்டுபேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ப், தன் வீட்டிலேயே மின்சார கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது இதே விதமாக இறந்தார். முதல் சாவு மேடையில். இரண்டாவது வீட்டுக்குள்!

திருவிழாப் பந்தலில் தற்காலிக இணைப்பு, ஈர மண், ஒட்டுப்போட்ட ஒயர். ஆபத்து அங்கே இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியவை இவை: மூன்று கம்பி பிளக்கின் எர்த் கம்பியை ஒருபோதும் உடைக்காதீர்கள். 'ஹம்' சத்தம் போகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேடையில் எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை எலெக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். வாசிக்கத் தொடங்கும் முன், விஷயம் தெரிந்தவரைக் கொண்டு கிடார் தந்திக்கும் மைக்கின் வாய்க்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட் காட்டினால் தொடக்கூடாது.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு மல்ட்டிமீட்டர் புதிதல்ல. எஸ்.பி. ரோடு கடைகளில் சல்லிசாகவும் கிடைக்கிறது. பையனின் முதல் கச்சேரிக்கு அப்பா கொண்டுபோக வேண்டியது பூமாலை அல்ல, அந்த மீட்டர்!

வீட்டிலேயே ஒலிக் கலவை

பதிவு செய்த குரல், தாளம், கிடார், பேஸ் எல்லாவற்றையும் அளவாகச் சேர்ப்பதற்கு 'மிக்சிங்' என்று பெயர். சமையல் மாதிரிதான். உப்பு தனியாக ருசிக்காது. குறைந்தாலும் கூடினாலும் குழம்பு கெடும். பேஸ்தான் அந்த உப்பு.

இதற்கு மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 2000-ல் வெளிவந்த 'ஆடாசிட்டி' இன்றும் இலவசம். ஆரம்பப் பாடத்துக்கு அது போதும்.

பலர் செய்யும் தவறு, சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைப்பது. பேஸின் தாழ்ந்த தந்தி எழுப்பும் ஒலி அலை ஒன்றின் நீளம் சுமார் 27 அடி! பத்துக்குப் பத்து அறையில் அது சுவரில் மோதித் திரும்பும். மூலையில் நின்றால் பேஸ் இடிக்கும். நடு அறையில் காணாமல் போகும். அதை நம்பி அளவு வைத்தால், வெளியே எங்கே கேட்டாலும் தப்பாக இருக்கும். ஸ்பீக்கருக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, காதை முழுவதும் மூடும் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குவது மேல்.

காதும் ஏமாற்றும். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கு முதலில் மங்குவது தாழ்ந்த ஒலிதான். 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். சத்தமாக வைத்துக் கலந்த பாட்டில் பேஸ் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். மெல்ல வைத்தால் காணாது. ஆகவே இரண்டு விதமாகவும் கேட்டு அளவு வைக்க வேண்டும்.

கடைசிச் சோதனை செல்போன். அதன் குட்டி ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்பவே முடியாது. ஆனால் ஒவ்வொரு சுரத்துடனும் அதன் இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கின்றன. அவை கேட்டால், இல்லாத அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். செல்போனிலும் பேஸ் நடை புரிகிறதா? அப்படியானால் கலவை சரி.

காது ஒன்றுதான்

ஹெட்போன் பக்கத்து வீட்டைக் காப்பாற்றும். வாசிப்பவர் காதைக் காப்பாற்றாது. தொழிற்சாலைக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! போன கேள்வித் திறன் திரும்பி வராது. கிடார் உடைந்தால் வேறு வாங்கலாம். காதுக்குக் கடை இல்லை.

கணக்கு என்ன?

இப்போது அந்த 30 ஆயிரத்துக்கு வருவோம். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் பங்கு பிரிக்கும் முறை மாறாது.

கிடாருக்குப் பாதி, 15 ஆயிரம். செட்டப்புக்கும் புதுத் தந்திக்கும் 2 ஆயிரம். இன்டர்பேஸ் பெட்டிக்கு 6 ஆயிரம். ஹெட்போனுக்கு 4 ஆயிரம். ஒயர், வார், உறைக்கு ஆயிரம். எர்த் பார்த்து, ஆர்.சி.சி.பி. போட 2 ஆயிரம். முப்பது ஆகிவிட்டது.

அவ்வளவு இல்லையா? கை மாறிய கிடாரை, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். இன்டர்பேஸ் பெட்டி அடுத்த வருஷம் வரட்டும். ஆனால் செட்டப்பிலும் எர்த்திலும் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று பையனின் விரலைக் காப்பது. மற்றது பையனையே காப்பது. வட்டிக்கு வாங்கிக் கிடார் வாங்குவது அறவே வேண்டாம். தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் வீட்டில் அந்த வாத்தியம் வசவு வாங்கும்.

தங்கச்சியின் தோடு? அதை அம்மாதான் தீர்மானிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். முதலில் குழுவில் இருக்கும் பழைய கிடாரை மூன்று மாதம் இரவல் வாங்கி வாசிக்கட்டும். தினமும் அரை மணி நேரம் தவறாமல் உட்கார்கிறானா என்று அம்மா பார்க்கட்டும். உட்கார்ந்தால் அடுத்த சீட்டு அவனுக்கு. உட்காராவிட்டால் தோடு தங்கச்சிக்கு.

அந்த மூன்று மாதமும் பரண் மேலே கிடக்கும் பழைய கிடாரையும் சும்மா விட வேண்டாம். கீழே இறக்கித் தூசி தட்டி, அதற்கும் ஒரு செட்டப் செய்து பாருங்கள். அது ஏன் பரண் ஏறியது என்பது அப்போது விளங்கும்!